முதல் நகர்த்தலுக்குப் பதினோரு நிமிடம்

எதிராளி வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்து, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினால், நான் என் ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவேன். ஒன்பது வயதிலிருந்து நாற்பத்து மூன்று வயது வரை இதில் மாற்றமே கிடையாது. இந்தத் தொடக்கத்துக்குப் பிரெஞ்சு என்று பெயர். சதுரங்கம் ஆடாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: கருப்புக்கு இடம் குறைவு. ஒரு மந்திரி தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வெகுநேரம் சும்மா நிற்கும். எதிராளி நம் மூக்குக்கு முன்னால் வந்து சப்பணமிட்டு உட்காருவார். அதன்பிறகுதான் நாம் அவர் காலடியைத் தோண்ட ஆரம்பிப்போம். இடிபட்டுக்கொண்டே எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கான ஆட்டம் இது. அது எனக்குப் பிடித்துப்போனதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை.

வேறு எதையும் ஆடிப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இருபத்தோரு வயதில் ஆறு மாதம் சிசிலியன் என்ற வேறொரு தொடக்கத்தின் பக்கம் போனேன். நான்கு தோல்வி, அதில் இரண்டு இருபது நகர்த்தலுக்குள். வாலைச் சுருட்டிக்கொண்டு பிரெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். வெள்ளைக் காய்களில் ராணிச் சிப்பாயைத் தள்ளுவேன், சில சமயம் குதிரையை முதலில் எடுப்பேன். ஆனால் அதெல்லாம் வாடகை வீடு. எந்த நேரமும் காலி பண்ணிவிட்டுப் போகலாம்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் இருபத்தேழு வயதில் கிடைத்தது. அதற்கு மூன்று போட்டிகளில் குறிப்பிட்ட அளவு புள்ளி எடுக்க வேண்டும். முதல் இரண்டை மளமளவென்று முடித்துவிட்டு, மூன்றாவதற்கு நாலரை வருடம் முட்டி மோதினேன். ஒருமுறை, ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்துபோனேன். எதிரே இருந்தவர் இவ்வளவு நேரம் யோசிக்கிறாரே, பாவம், தோற்கப் போவது தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது என் நேரம். அன்றைக்கு அரைப் புள்ளியில் பட்டம் போயிற்று. அறைக்கு வந்து என் தம்பியைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவன் பார்வையாளர் வரிசையிலிருந்து இருமியாவது இருக்கக் கூடாதா என்று.

"இருமியிருந்தா என்னைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாங்கக்கா, உன்னையும் சேர்த்து" என்றான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டிகளுக்கு வருகிற எல்லோருக்கும் அவன் பெயரே தம்பிதான். அவனைவிட இருபது வயது சின்னவர்கள்கூட 'தம்பி சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைவிட நான்கு வயது இளையவன். உண்மையைச் சொன்னால் ஆட்டம் என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் புரியும். ஆனால் கடைசி ஐந்து நிமிடம் ஓட ஆரம்பித்தால் பதறிவிடுவான், ஜெயித்த ஆட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுவான். இருபத்திரண்டு வயதில் தன்னால் முடியாது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு எனக்கு செகண்டாக வந்து சேர்ந்தான். செகண்ட் என்றால் ஆட்டக்காரருக்குத் துணையாள். அடுத்த எதிராளி எந்தத் தொடக்கம் ஆடுவார், அதில் எங்கே குத்தலாம் என்று காலையெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து தேடிக் கொடுக்க வேண்டும். தோற்றுவிட்டு வந்தால் திட்டு வாங்க வேண்டும். இரண்டையும் பதினேழு வருடம் குறைவில்லாமல் செய்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதி அறையில் அவன் வாயில் பல்துலக்கியை வைத்துக்கொண்டு என் பலகைக்கு மேலே குனிந்தான். எங்கள் பிரெஞ்சில் நான் மிகவும் நம்பி ஆடும் கிளை வழி ஒன்று பலகையில் இருந்தது. பதினெட்டாவது நகர்த்தல், வெள்ளையின் முறை. அவன் ஓரத்து யானையை ஒரே ஒரு கட்டம் மேலே தூக்கி வைத்தான்.

"இது என்னடா?" என்றேன்.

நுரையைத் துப்ப அவன் குளியலறைக்குப் போய்விட்டான். நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த நகர்த்தலுக்குக் கருப்பிடம் பதில் கிடையாது. கணினிக்கும் அது முதல் பார்வையில் தெரியவில்லை. ஆட்டம் சமம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கையால் அந்த யானையைத் தூக்கி வைத்து, இன்னும் எட்டு நகர்த்தல் தள்ளிக் கூட்டிப்போனால்தான் விழித்துக்கொண்டு வெள்ளை ஜெயிக்கிறது என்றது.

அந்தக் கிளையை விட்டுவிடலாம் என்றான் தம்பி. நான் மறுத்தேன். மற்ற எந்த வழியில் வந்தாலும் எனக்குத்தான் நல்லது, இந்த ஒரு யானையை எவன் தூக்கப் போகிறான் என்றேன். ஏழு வருடம் அந்த ஓட்டையோடுதான் ஆடினேன். பதினான்கு பேர் அந்த நிலை வரைக்கும் வந்தார்கள். ஒருவரும் தூக்கவில்லை. உலகத்தில் அது இரண்டே பேருக்குத் தெரியும், நானும் அவனும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் என்னை விட்டுப் போனான். சண்டை எதுவும் இல்லை. எனக்குப் போட்டிகள் குறைந்துபோயிருந்தன. உலகப் பெண்கள் பட்டியலில் ஒரு காலத்தில் பதினாறாம் இடத்தில் இருந்தவள் எழுபதைத் தாண்டியிருந்தேன். அவனுக்கோ மனைவி, இரண்டு பிள்ளைகள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மேலே வந்துகொண்டிருந்தாள். சரசரவென்று நகர்த்துவாள், பட்டாசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் வீட்டிலிருந்து தம்பியைக் கேட்டார்கள்.

"போகட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"என்னைக் கேக்குற? போடா, போய் நாலு காசு சம்பாதி" என்றேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு. விட்டுப் போகிற செகண்ட், பழைய ஆட்டக்காரரின் கோப்புகளை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அவன் ஒழுங்காகக் கொடுத்தான். "காப்பி எதுவும் வச்சுக்கலக்கா" என்றான். நம்பினேன். ஆனால் தலைக்குள் இருப்பதை எப்படிக் கழற்றிக் கொடுப்பான் என்ற எண்ணம் அன்றைக்கே வந்துவிட்டது. வந்த எண்ணத்தை நான் விரட்டவில்லை.

பிறகு அணித் தேர்வுப் போட்டி வந்தது. பத்துப் பேர், ஒன்பது சுற்று, முதல் ஐந்து பேர் நாட்டு அணிக்கு. பதினான்கு வருடமாக அந்த ஐவரில் நான் ஒருத்தி. இந்த முறை கழன்றால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள், எனக்கும் தெரியும், தேர்வுக் குழுவுக்கும் தெரியும். எட்டுச் சுற்று முடிந்தபோது நான் ஐந்தாம் இடத்தில் இருந்தேன். கடைசிச் சுற்றில் சமன் செய்தால் போதும், தோற்றால் வெளியே. கடைசிச் சுற்றில் எனக்குக் கருப்பு. எதிரே பட்டாசு.

அவள் எட்டுச் சுற்றிலேயே தன் இடத்தை உறுதி பண்ணியிருந்தாள். அதற்காக விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை அவள். நான் பத்தொன்பது வயதில் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தாள்.

என் சந்தேகத்துக்கு அந்த வாரம் நன்றாகத் தீனி கிடைத்தது. ஐந்தாம் சுற்றில் பட்டாசு கருப்பில் பிரெஞ்சு ஆடினாள். இதுவரை அவள் ஆடியதே இல்லை. ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மாட்டிக்கொண்ட மந்திரியைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்தாள். அது என் யோசனை. என் வீட்டுப் பாத்திரத்தை அடுத்த வீட்டு அடுப்பில் பார்த்தது போல இருந்தது. ஏழாம் சுற்று நாள் காலை, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளும் தம்பியும் ஒரு சின்ன மடக்குப் பலகைக்கு மேலே தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நான் தட்டோடு அந்தப் பக்கம் போனேன். தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பலகையைச் சட்டென்று மூடினான்.

"என்னக்கா, தூங்குனியா?" என்றான்.

"தூங்குனேன்" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன்.

கடைசிச் சுற்று நாள் காலை என் கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். ஏதோ கட்டடத்தில் லிப்டின் தலைமேல் நின்றுகொண்டு பேசினார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்ன ஆடப் போற?"

"தெரியல."

"பழகுனதையே ஆடேன்."

"உங்களுக்குக் குதிரை எப்படிப் போகும்னே தெரியாது. நீங்க எனக்குச் சொல்றீங்க."

"குதிரை தெரியாது. ஆனா கீழ இருக்குறவன் 'கரண்ட் நிறுத்திட்டேன், ஏறு'ன்னு கத்துனா நான் ஏறிடுறேன். இறங்கிப் போய்ப் பாத்துட்டா வரேன்?"

"பாத்துட்டுத்தான் ஏறணும்னு விதி இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்று சிரித்தார். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

என் சந்தேகத்தை முந்தின இரவே அவரிடம் கொட்டியிருந்தேன். தம்பியை நம்பு என்று அவர் சொல்ல வந்தது எனக்குப் புரியாமல் இல்லை. தம்பியை அவருக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் சினிமாவுக்குப் போனால்கூட எங்கள் இருவருக்கும் நடுவில் அவன் உட்கார்ந்து ஆட்டம் பேசிக்கொண்டிருப்பான். ஆனால் லிப்டில் ஏறப்போவது அவர் இல்லை, நான்.

நான் நினைத்தது இதுதான். பிரெஞ்சு ஆடினால் நான் நம்பி ஆடும் அந்தக் கிளைக்குத்தான் போவேன், மற்ற வழிகளும் தம்பி பண்ணிக் கொடுத்தவைதான். பட்டாசு எப்போதும் அந்த வழியில்தான் வருவாள். பதினெட்டாவது நகர்த்தலில் அவள் யானையைத் தூக்கினால் நான் அணியிலிருந்து வெளியே, அதோடு தம்பியும் என் வாழ்க்கையிலிருந்து வெளியே. தூக்காவிட்டால் எல்லாம் நலம். வேறு ஏதாவது ஆடினால்? அப்போது யானையைத் தூக்கினாளா இல்லையா என்ற கேள்வியே எழாது. தம்பி சொன்னானா இல்லையா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. தெரியாமலே இருந்துவிடலாம் என்பது அன்று காலை எனக்குப் பெரிய நிம்மதியாகத் தோன்றியது.

மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். கூடத்தில் ஐந்து மேசைகள், ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு கேமரா. பலகையும் கடிகாரமும் அப்படியே இணையத்தில் ஓடும். கை குலுக்கினோம். பட்டாசின் கை ஜில்லென்று இருந்தது. நடுவர் கடிகாரங்களைத் தட்டச் சொன்னார். அவள் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள்.

என் கை தானாகவே பலகைக்கு மேலே போயிற்று. முப்பத்து நான்கு வருடப் பழக்கம், அது என்னைக் கேட்டுக்கொண்டா போகும்? சிப்பாயின் தலைக்கு ஒரு விரல்கடை மேலே போய் நின்றது. தொட்டால் நகர்த்தியாக வேண்டும். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு கட்டமா, இரண்டு கட்டமா. இவ்வளவுதான் கேள்வி. ஒரு கட்டம் போனால் பிரெஞ்சு, தம்பியை நம்புகிறேன் என்று அர்த்தம். இரண்டு கட்டம் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆடுகிற பழைய தற்காப்பு, சமன் செய்வதற்கென்றே நேர்ந்துவிட்டது.

அவன் பல்துலக்கியோடு குனிந்ததை நினைத்தேன். பலகையை மூடியதை நினைத்தேன். மூன்றாவது பட்டத் தகுதி கிடைத்த அன்று அவன் விடுதி வாசலில் நின்று அழுதான், நான் அழவில்லை. அதையும் நினைத்தேன். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, பட்டாசு ஜெயித்தால்தானே அவனுக்கு அடுத்த வருடமும் வேலை என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடேயே மறுபடியும் அதையே நினைத்தேன். பக்கத்து மேசைகளில் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் முடிந்துவிட்டது. நடுவர் அருகே வந்து, நான் தூங்கிவிட்டேனோ, கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். பட்டாசு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கிராண்ட்மாஸ்டர் ஒருத்தி முதல் நகர்த்தலுக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அந்தக் கூடம் பார்த்திருக்காது.

இரண்டு கட்டம் தள்ளினேன்.

பட்டாசு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். சரசரவென்று நகர்த்துகிறவள் அன்றைக்கு இரண்டாவது நகர்த்தலுக்கே நிதானித்தாள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராணிகள் சீக்கிரமே பலகையை விட்டுப் போயின. அவள் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு நாலரை மணி நேரம் என்னை உருட்டினாள். நான் கடைசி யானையை வைத்துக்கொண்டு கதவை மூடிப் பிடித்தேன். அறுபத்தேழாவது நகர்த்தலில் அவள் கையை நீட்டினாள். சமன். அரைப் புள்ளி. ஐந்தாம் இடம். தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பிழைத்தோம் என்ற சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். சற்றுமுன் ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்கள், அங்கே போய் 'இதை ஆடியிருந்தால் நீ செத்தாய், அதை ஆடியிருந்தால் நான் செத்தேன்' என்று சிரித்துப் பேசிக்கொள்வோம். பட்டாசு காய்களை அடுக்கினாள்.

"அக்கா, மொதல்ல இதச் சொல்லுங்க. ஏன் பிரெஞ்சு ஆடல?"

"சும்மாதான். மாத்திப் பாக்கலாம்னு."

"அநியாயம்க்கா இது. உங்க பிரெஞ்சுக்கு நாலு நாள் நான் தனியா உக்காந்து மண்டைய ஒடச்சிக்கிட்டேன். ஒண்ணும் கெடைக்கல. அப்படியும் சரி, ஆடித்தான் பாப்போம்னு வந்தேன்."

"தனியாவா?" என்றேன். "தம்பி எங்க போனான்?"

"தம்பி சாரா?" அவள் ஒரு சிப்பாயை உருட்டிக்கொண்டே சிரித்தாள். "வேலைக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டாருக்கா. 'எங்க அக்காவோட நீ ஆடுற நாள்ல நான் உனக்குக் கிடையாது. அவங்க ஆட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது'ன்னு. எங்கப்பாவுக்குக் கோவம். நாந்தான் பரவால்லன்னு சேத்துக்கிட்டேன்."

என் முகத்தில் ஈ ஆடவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அஞ்சாவது ரவுண்டுல நீ பிரெஞ்சு ஆடுனியே. அந்த மந்திரி வர்ற வழி யார் சொன்னது?"

"நீங்கதான்!" என்றாள். "பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் போட்டில ஆடியிருக்கீங்க. உங்க ஆட்டம் கெடைச்சதெல்லாம் போட்டுப் பாத்திருக்கேன்க்கா. அதுல இருக்கு."

எனக்கு அந்த ஆட்டம் ஞாபகத்திலேயே இல்லை. என் யோசனையை யாரோ திருடிவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தேனே, அதை ஊரறிய ஆடிக்காட்டியதே நான்தான்.

"அன்னைக்கு சாப்பிடுற எடத்துல என்னைப் பாத்ததும் போர்டை மூடினீங்களே?" என்று கேட்டுவிட்டேன். இந்த வயதில் இப்படிக் கேட்கிறோமே என்று கூசியது, ஆனாலும் கேட்டேன்.

"ஐயோ, அதுவா? அது அன்னைக்கு ரவுண்டுக்குப் பாத்தது. உங்க கண்ல பட்டா நீங்க நின்னு எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சிடுவீங்களாம். அப்புறம் உங்க ஆட்டத்துக்குத் தயாராக நேரம் இருக்காதாம். 'அக்காவால வாய மூடிக்கிட்டு ஒரு போர்டைத் தாண்டிப் போக முடியாது'ன்னு சொன்னாரு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தாள். நான் காய்களைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டேன். தலை வலிக்கிறது என்று சொன்னேன்.

தம்பி கூடத்தில் இல்லை. விடுதி அறையில் இல்லை. வரவேற்பில் இருந்தவர், எதிர்த் தெருவில் துணி துவைக்கிற கடைக்குப் போனார் என்றார். தெருவைக் கடந்து போனேன். நீளமான கடை, சுவரோரமாக எட்டு இயந்திரங்கள், எதிரே ஒரு பெஞ்சு. இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் சட்டைகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"வாக்கா. டீம்ல இருக்க. நல்லா தாங்குன. அந்த நாப்பத்தி மூணாவது நகர்த்தல் எனக்குத் தோணவே இல்ல."

"அவ சொன்னா" என்றேன்.

"என்ன சொன்னா?"

"நீ அவளுக்கு ஒண்ணும் சொல்லலன்னு."

"ஓ."

இயந்திரம் வேகம் பிடித்துச் சுற்றியது.

"அரைப் புள்ளி போதுமேன்னுதான்டா" என்றேன். "ரிஸ்க் வேண்டாம்னு."

"அக்கா." அவன் என் பக்கம் திரும்பவில்லை. "அரைப் புள்ளி வேணும்னா பிரெஞ்சுலயே உங்கிட்ட ஆறு வழி இருக்கு. பண்ணிக் குடுத்தவன் நான். எங்கிட்டயே இதச் சொல்றியே."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"பதினோரு நிமிஷம் எடுத்த. இங்கதான் உக்காந்து போன்ல பாத்துட்டு இருந்தேன், காலைலயே ஊர்ப்பட்ட துணி சேத்து வச்சிருந்தேன், அங்க கிட்ட வரக் கூடாதுன்னு. கீழ கமெண்ட்ல எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க. 'ஏதோ புதுசா கொண்டு வந்திருக்காங்க', 'உடம்பு சரியில்லையோ', அப்படின்னு. நானூறு பேர் பாத்திருப்பாங்க. நீ என்ன யோசிக்கிறேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"டேய்..."

"மொத ரெண்டு நிமிஷம் சிரிப்பா இருந்துச்சு. கிறுக்கு, இதுக்குப் போய் யோசிக்குதுன்னு. அஞ்சு நிமிஷத்துல பயம் வந்துடுச்சு. பத்தாவது நிமிஷம் வரைக்கும் நீ ஒரு கட்டம்தான் போவேன்னு நெனச்சேன்க்கா. சத்தியமா நெனச்சேன்."

நான் அழுதேன். பட்டம் கிடைத்த அன்று வராதது அந்தக் கடையில், சோப்பு வாசனைக்கு நடுவில், வெட்கமில்லாமல் வந்தது. மன்னித்துவிடு என்றேன். அதை மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் பையைத் துழாவி ஒரு சுத்தமான கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"மன்னிக்கறதுக்கெல்லாம் என்ன இருக்கு? உன் மேல கோவம் இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவும் இல்ல."

"அடுத்த வாட்டி அவளோட கருப்பு வரட்டும். பிரெஞ்சுதான். அந்தக் கிளைதான். பதினெட்டாவது நகர்த்தல்ல போய் நிப்பேன், நீ வேணா பாரு."

அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் நான் அவனுடைய நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொள்ள விடாமல் பிடிவாதம் பிடித்தால் இப்படித்தான் பார்ப்பான்.

"வேண்டாம்க்கா. நான் எதையும் சொல்லலன்னு இப்பத்தான் அவளே சொல்லிட்டாளே. இனிமே நீ ஆடுறதுக்கு எதுக்கு என்னை நம்பணும்?"

யோசிக்க நேரம் இருந்தது, எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. அவன் எழுந்து போய் இயந்திரத்தின் கதவைத் திறந்து, ஈரத் துணிகளைக் கூடையில் போட ஆரம்பித்தான். நான் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.